சித்திரைக்குத் தாங்கும் செடிகள்

ஆடியில் குற்றாலத்துக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஒரு பை ரம்புட்டான், ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸ், கூடவே சாலையோரச் செடிக்கடையில் பேரம் பேசி வாங்கிய ஒரு மங்குஸ்தான் கன்று. சிவகிரிக்கு வந்ததும் கன்று கிணற்றடியில் இடம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தளதளவென்று நிற்கும். மாசியில் இலை நுனி கருகும். சித்திரை பிறக்கும்போது குச்சிதான் மிஞ்சும். 'கைராசி இல்லை' என்று வீட்டுக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். ராசியின் மேல் தப்பில்லை. மங்குஸ்தானுக்கு வேண்டியது ஈரக் காற்றும் நிழலும். சிவகிரி வெயிலில் அவை இரண்டும் கிடையாது.

இத்தனைக்கும் இரண்டும் ஒரே மாவட்டம். 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தின் தென்மேற்கில் குற்றாலம், வடக்கில் சிவகிரி. இரண்டுக்கும் மேற்கே நிற்பது அதே மேற்குத் தொடர்ச்சி மலை. ஆனால் குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஆரியங்காவுக் கணவாய் திறந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாக நுழைந்து ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலைத் தூவுகிறது. சிவகிரிக்கு மேற்கே கணவாய் இல்லை, மலைதான் இருக்கிறது. மேகம் கேரளப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டு வருகிறது. இங்கே மண் நனைவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில்தான். மாசி முதல் வைகாசி வரை இடையில் ஒன்றிரண்டு கோடை மழை பெய்தால் உண்டு. மே 4-ஐ ஒட்டித் தொடங்கி மே 28 வரை நீளும் அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடித் தளத்தில் வெறுங்காலை வைக்க முடியாது.

இந்தக் கோடையில் வீட்டுத் தோட்டம் போட முடியுமா என்று கேட்டால், முடியும். எதைப் போடுவது என்பதில்தான் முக்கால்வாசி வெற்றி இருக்கிறது.

முதலில், போடக்கூடாததைச் சொல்லிவிடலாம். விதைக்கடைகளில் பளபளக்கும் உறைகளில் தொங்கும் காலிஃபிளவர், கேரட், பீட்ரூட் எல்லாம் குளிருக்கானவை. சிவகிரிச் சித்திரையில் அவற்றுக்குச் செய்யும் செலவு வீண். கொத்தமல்லி முளைக்கும், ஆனால் இலை பறிப்பதற்குள் பூத்துவிடும். தக்காளி கொஞ்சம் ஏமாற்றும். செடி நன்றாகத்தான் நிற்கும், பூவும் எடுக்கும். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, ராத்திரியிலும் புழுக்கம் குறையாமல் இருந்தால் அதன் மகரந்தம் வலுவிழந்துவிடுகிறது. பிஞ்சு பிடிக்காமல் பூ காம்போடு உதிர்கிறது. உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு கை தொழுவுரம் போடுகிறவர்கள் உண்டு. அதனால் இலை பெருக்குமே தவிர காய் வராது. தையில் நட்டு மாசி, பங்குனிக்குள் பறித்து முடிப்பது அல்லது ஆடி வரை காத்திருப்பது, தக்காளிக்கு இந்த இரண்டுதான் வழி.

வெயிலை விரும்பும் கூட்டம் வேறு. வெண்டை, கத்தரி, சீனியவரை, தட்டைப்பயறு, பாகல், புடலை, பீர்க்கு, சுரை, சர்க்கரைப் பூசணி, தடியங்காய். கீரையில் தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை. மரமாக முருங்கையும் அகத்தியும் கறிவேப்பிலையும். நெல்லைச் சீமையின் அன்றாடச் சமையலில் இருப்பவையும் ஏறக்குறைய இவைதான். கோடையில் எது காய்த்ததோ அதுதானே குழம்பிலும் கூட்டிலும் ஏறியிருக்கும். வெண்டை விதையை ராத்திரி ஊறவைத்து ஊன்றினால் ஒரு வாரத்துக்குள் முளைத்து, ஒன்றரை மாதத்தில் முதல் காய் தரும். அதன் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆகவேண்டும். ஊருக்குப் போய் நான்கு நாள் கழித்து வந்தால் காய் முற்றி நாராகியிருக்கும். சீனியவரை தண்ணீருக்கு ஏங்காத செடி. சிறுகீரையும் அரைக்கீரையும் விதைத்த மூன்று, மூன்றரை வாரத்தில் முதல் அறுப்புக்கு வந்துவிடும். புதிதாகத் தோட்டம் தொடங்குகிறவருக்கு இந்தக் கீரைப் பாத்தியே போதும், ஆசை அறுபடாமல் இருக்கும்.

கொடிக் காய்களைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 'பூ நிறைய வருது, பிஞ்சு ஒண்ணும் நிக்கல' என்பதுதான் கோடைத் தோட்டக்காரர்களின் பொதுப் புலம்பல். பூசணிக் குடும்பத்தின் இந்தக் கொடிகளில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. முதல் சில நாள்களுக்கு ஆண் பூக்கள் மட்டுமே வரும். நீண்ட பகலும் கடும் வெப்பமும் சேர்ந்தால் அவற்றின் எண்ணிக்கை இன்னும் கூடும். பெண் பூவைக் கண்டுபிடிப்பது சுலபம். இதழ்களுக்குக் கீழே காம்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டிக் காய் இருக்கும். பாகலில் அது முள்முள்ளாக விரல் நகம் அளவுக்கு, சுரையில் பூனைமயிர் போர்த்திய பச்சை உருண்டையாக, புடலையில் மெலிந்த விரல் நீளத்துக்கு. மகரந்தம் சேராவிட்டால் அந்தக் குட்டிக் காய் இரண்டு மூன்று நாளில் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்துவிடும்.

மகரந்தத்தைக் கையால் சேர்க்கலாம். ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் லேசாகத் தடவினால் போதும். நேரம் தெரிந்து செய்ய வேண்டும் என்பதுதான் விஷயம். பாகலும் பூசணியும் விடியற்காலையில் மலர்கின்றன. பூசணிப் பூ முற்பகலிலேயே மூடிக்கொள்ளும். பீர்க்கு சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் மஞ்சளாக விரியும். சுரையும் புடலையும் இருட்டும் நேரத்துக்கு வெள்ளையாகப் பூக்கும். புடலைப் பூவின் ஓரமெல்லாம் நூல்நூலாகப் பிரிந்திருக்கும்; இரவில் பறக்கும் விட்டில்களுக்கான அழைப்பு அது. காலை எட்டு மணிக்கு அலுவலகம் கிளம்புமுன் சுரைப் பந்தலுக்கு அடியில் நின்று ஆண் பூவைத் தேடுகிறவர் பெரும்பாலும் முந்தின இரவே வேலை முடிந்து வாடிய பூக்களைத்தான் பார்க்கிறார். சுரைக்கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிடுவது பழைய வழக்கம். காரணம் இருக்கிறது: பக்கக் கிளைகளில்தான் பெண் பூ அதிகம்.

பந்தலுக்கு இன்னொரு பயனும் உண்டு. மேலே கொடி படர்ந்துவிட்டால் கீழே விழுவது சல்லடை வெயில்தான். அந்த நிழலில் இஞ்சி, மஞ்சள், புதினா, கனகாம்பரம் எல்லாம் பிழைத்துக்கொள்ளும். கடையில் விற்கும் பச்சை நிழல்வலை செய்யும் வேலையைக் கொடி இலவசமாகச் செய்துவிடுகிறது. பந்தல் போட இடமில்லாதவர்கள்தான் வலை வாங்க வேண்டும்.

பூக்களின் கதை காய்கறிக்கு நேர் எதிர். பலரும் கோடையைப் பூ இல்லாத காலம் என்று நினைக்கிறார்கள். மல்லிக்குக் கோடைதான் பருவம். மார்ச்சிலிருந்து அது அள்ளிக் கொடுக்கத் தொடங்கும். சிவகிரிக்காரர்களுக்குப் பக்கத்துப் பூச்சந்தை சங்கரன்கோவில். அங்கே விலை ஏறி இறங்குவதைப் பார்த்தாலே செடியின் குணம் புரிந்துவிடும். மார்கழி, தை குளிரில் மொட்டு குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும் மல்லி, சித்திரை வரத்தில் சரிந்துவிடும். வீட்டில் ஒரு செடி வைத்திருப்பவர் அந்தச் சரிவைக் கண்டு கவலைப்பட வேண்டியதில்லை; சாயங்காலம் ஒரு முழம் கட்டத் தேவையான மொட்டு கிடைத்தால் சரி. ஆனால் அந்தக் கோடைப் பூவுக்கான வேலை மழைக்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. மல்லியை நவம்பர் கடைசி வாரத்தில், அதாவது கார்த்திகையில், தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் விட்டுக் கவாத்து செய்யச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. நன்றாக நிற்கும் செடியை வெட்ட மனசு வராமல் விட்டுவிட்டு, பங்குனியில் 'கொடியா ஓடுது, மொட்டே இல்ல' என்று வருத்தப்படுகிற வீடுகள் தெருவுக்கு நாலு இருக்கும்.

செம்பருத்தி, அரளி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, வாடாமல்லி, கோழிக்கொண்டை, நித்தியகல்யாணி ஆகியவற்றுக்கு விசேஷக் கவனம் வேண்டாம். காகிதப்பூவுக்குத் தண்ணீரைக் குறைத்தால்தான் நிறம் கூடும். தினமும் குடம் குடமாக ஊற்றினால் இலையும் முள்ளுமாக மதிலை மூடும். பத்துமணிப்பூவை ஓட்டைச் சட்டியில் வைத்தாலும் வெயில் ஏற ஏற விரியும். கனகாம்பரத்தில் ஒரு வேடிக்கை உண்டு: காய்ந்த கதிரில் தண்ணீர் பட்டதும் காய் 'பட்'டென்று வெடித்து விதை சிதறும். ஆனால் கடைகளில் டெல்லிக் கனகாம்பரம் என்று விற்கும் ரகத்துக்கு அந்த வேடிக்கை கிடையாது. அதற்கு விதையே பிடிக்காது, தண்டை வெட்டி நட்டுத்தான் பெருக்க வேண்டும். ரோஜாவைக் கோடையில் காப்பாற்றி வைத்தால் போதும், பூ கேட்கக் கூடாது.

இனி தண்ணீர். தோட்டம் போட ஆசைப்பட்டுக் கைவிடுகிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் நிற்கிறார்கள். பழைய வீடுகளில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. பாத்திரம் கழுவுகிற, குளிக்கிற தண்ணீர் எல்லாம் வாருகால் வழியாகப் புறவாசலுக்குப் போகும். அங்கே வாழையும் சேம்பும் கல்வாழையும் நிற்கும். கல்வாழை கோடை முழுக்க சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும், அதற்கென்று ஒரு சொட்டு நல்ல தண்ணீர் செலவில்லை. அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைக்கு. குழாய்த் தண்ணீர் காய்கறிப் பாத்திக்கு மட்டும்.

ஊற்றுகிற தண்ணீரை நிறுத்திவைப்பது அடுத்த வேலை. தென்னை இல்லாத தெரு சிவகிரிப் பக்கத்தில் குறைவு. உரித்த மட்டையைச் செடியைச் சுற்றி அடுக்கி, மேலே சருகு போட்டால் மண் இரண்டு நாள் ஈரம் காக்கும். மாடித்தோட்டக்காரர்கள் வாங்கும் தேங்காய் நார்க்கழிவுக் கட்டியும் இதே தென்னையின் பிள்ளைதான். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தொகுப்பிலும் வளர்ப்புப் பை, விதை, உயிர் உரத்தோடு அது இருக்கும். அந்தக் கட்டியை ஊறவைத்ததும் வடியும் பழுப்புத் தண்ணீரில் உப்பு இருக்கிறது. இரண்டு மூன்று முறை அலசி வடித்த பிறகே மண்ணோடும் தொழுவுரத்தோடும் கலக்க வேண்டும். இதைச் செய்யாமல் நாற்றை நட்டு, இலை ஓரம் கருகுவதைப் பார்த்து நோய் என்று மருந்து தேடி அலைகிறவர்கள் உண்டு. பையை நேரே தளத்தின் மேல் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் வேர் வேகாது.

மண்பானையைச் செடிக்கு அருகே கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, மூடி வைப்பது இன்னொரு முறை. இதற்கென்று தனிப் பானை வேண்டியதில்லை, சூளையில் சுட்டு வெளியே மெழுகாத பானை எதுவானாலும் சரி. சுவர் வழியாகக் கசியும் ஈரத்தை வேர் தேடி வந்து குடிக்கும். கி.மு. முதல் நூற்றாண்டில் சீனாவில் ஃபான் ஷெங்ஜி எழுதிய வேளாண் நூலிலேயே இந்த முறை இருக்கிறது. நம் பக்கம் தென்னம்பிள்ளைக்கும் மாங்கன்றுக்கும் பானையின் அடியில் துளையிட்டுத் திரி செருகி வைப்பார்கள். ஒரு வாரம் திருமணத்துக்கு வெளியூர் போகிற குடும்பத்துக்கு, பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துச் சொல்லிவிட்டுப் போவதைவிட இது நம்பகமானது.

கோடைப் பூச்சிகளில் மாவுப்பூச்சியை எல்லோருக்கும் தெரியும். செம்பருத்தி நுனியில் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கும் அது. அதில் ஒரு வகைக்குப் பெரிய வரலாறு உண்டு. மெக்சிகோப் பக்கத்துப் பூச்சியான பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. கொஞ்ச காலத்தில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று தமிழ்நாடு முழுக்கப் பரவியது. எந்த மருந்துக்கும் அது கட்டுப்படவில்லை. மேலே பூசியிருக்கும் மெழுகு மருந்தை உள்ளே விடாது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற கடுகளவுகூட இல்லாத குளவியை பெங்களூருவிலுள்ள ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று வரவழைத்து, பெருக்கி, வேளாண்மைப் பல்கலைக்கழகம் மூலம் வயல்களில் விட்டது. அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். உள்ளே வளர்ந்த புதுக் குளவி வெளியே வரும்போது பூச்சி வெறும் கூடாகியிருக்கும். கொஞ்ச நாளில் தொல்லை அடங்கிவிட்டது. வீட்டுத் தோட்டத்தில் கண்டதற்கெல்லாம் கடும் விஷம் அடித்தால் முதலில் சாவது இந்த மாதிரிக் குளவிகள்தான். மாவுப்பூச்சிக்குத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பதும், அதிகமானால் கிளையை வெட்டி எரிப்பதும், வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளிப்பதும் போதும். வெண்டை இலை நரம்பு மஞ்சளாகிவிட்டால் மட்டும் இரக்கம் வேண்டாம். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய் அது, செடியைப் பிடுங்கிவிட வேண்டும். அர்கா அனாமிகா போன்ற ரகங்கள் அந்த நோயைத் தாங்குவதற்கென்றே உருவாக்கப்பட்டவை. கத்தரி, தக்காளிப் பாத்தி ஓரத்தில் கேந்தி நடுவது அழகுக்கு மட்டுமல்ல. தக்காளிக் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி முட்டையிட அதைத் தேடிப் போகும், வேர் மண்ணின் நூற்புழுவையும் கட்டுப்படுத்தும். மயிலுக்குத்தான் மருந்தில்லை. மலையடிவாரத் தெருக்களில் நாற்று நட்ட அன்றைக்கே அது வந்து கணக்கெடுத்துவிடும். வலை கட்டுவதைத் தவிர வழியில்லை.

இவ்வளவையும் எங்கிருந்து தெரிந்துகொள்வது? புத்தகங்கள் இருக்கின்றன, ஆனால் பார்த்து எடுக்க வேண்டும். தோட்டப் புத்தகம் என்பது எழுதியவரின் ஊர் வானிலைக்குக் கட்டுப்பட்டது. லண்டனில் அச்சான புத்தகம் மே மாதம் விதை போடு என்கிறது. அங்கே அப்போதுதான் குளிர் விடுகிறது. இந்தச் சிக்கலை இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர்களே முதலில் அனுபவித்தார்கள். வங்காளத்தில் பாதிரியாராக இருந்த தாமஸ் ஃபிர்மிங்கர், ஊரிலிருந்து கொண்டுவந்த புத்தகம் உதவாது என்று கண்டு 1860-களில் வங்காளத்துக்கும் வட இந்தியாவுக்கும் தனியாக ஒரு தோட்டக் கையேடு எழுதினார். அதுவும் நமக்கு அரைகுறைதான், ஏனென்றால் அங்கே குளிர்காலம் உண்டு. 1910-ல் இலங்கைப் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் எச்.எஃப். மேக்மில்லன் எழுதிய வெப்பமண்டலத் தோட்டக் கையேடு இன்னும் கொஞ்சம் கிட்டே வருகிறது.

தென்காசி வட்டாரத்துக்கே சொந்தமான நூல் ஒன்று உண்டென்றால், அதை ராபர்ட் வைட்டின் தொகுதிகள் என்று சொல்லலாம். சென்னைப் படையில் மருத்துவராக இருந்த இந்த ஸ்காட்லாந்துக்காரர் 1830-களில் பாளையங்கோட்டையில் பணியாற்றியபோது குற்றால மலையில் ஏறி இறங்கிச் செடி சேர்த்தார். அதற்கு முன்பே கிழக்கிந்தியக் கம்பெனி ஜாதிக்காய், கிராம்பு, லவங்கப்பட்டை என்று வாசனைத் தோட்டம் போட்டுப் பார்த்த இடம் குற்றாலம். வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட தென்னிந்தியத் தாவரப் படத்தொகுதியில் 2,101 படங்கள். அவருக்காக ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள் செடிகளை நேரில் பார்த்து வரைந்தார்கள். விதைக்கும் முறை அதில் கிடையாது. ஆனால் ஒரு பூவை இதழ் இதழாகப் பிரித்து ஆண் உறுப்பு எது, சூலகம் எது என்று வரைந்து காட்டியிருக்கும் அந்தப் படங்களைப் பார்த்துப் பழகியவருக்குப் பந்தலில் பெண் பூவைத் தேட யாரும் சொல்லித்தர வேண்டாம்.

தமிழில் இன்று கைக்கெட்டுவது வேறு வகை. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் 'வளரும் வேளாண்மை' மாத இதழ், அதன் பயிர்க் கையேடுகள், 2007-ல் தொடங்கிய 'பசுமை விகடன்'. இவை பெரும்பாலும் ஏக்கர் கணக்கில் பேசும், வீட்டுக்காரர் பைக் கணக்குக்கு வகுத்துக்கொள்ள வேண்டும். யூடியூபில் ஆயிரம் மாடித்தோட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதி பெங்களூருவிலோ கோவையிலோ எடுத்தவை. அங்கே மே மாதம் தக்காளி காய்ப்பதைப் பார்த்து இங்கே ஆசைப்படக் கூடாது. பால் கணக்கும் கேஸ் சிலிண்டர் வந்த தேதியும் எழுதிவைக்கும் தினசரிக் காலண்டரிலேயே 'வெண்டை ஊன்றியது', 'மல்லி வெட்டியது', 'முதல் சுரைப் பூ' என்று கிறுக்கி வைப்பவர்களிடம் இரண்டு வருஷத்தில் சிவகிரிக்கென்றே ஒரு கையேடு சேர்ந்துவிடும். தாளைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வைகாசி முடிவில் இரண்டு வேலை மிச்சமிருக்கும். சுரையிலும் பீர்க்கிலும் வெண்டையிலும் நல்லதாக ஒவ்வொரு காயைப் பறிக்காமல் முற்றவிட்டு, செடியிலேயே காயவைத்து, விதையைச் சாம்பலில் புரட்டி எடுத்துவைப்பது ஒன்று. வீரிய ஒட்டு விதையில் வந்த செடியென்றால் இந்த உழைப்பு வேண்டாம், அடுத்த தலைமுறை தாயைப்போல் இருக்காது. மற்றது பந்தல். குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கும் நாள்களில் சிவகிரிக்கு வந்து சேர்வது காற்று மட்டும்தான். சுரண்டை, சங்கரன்கோவில் பக்கத்துக் காற்றாலைகள் வேகமெடுக்கும் அதே வாரத்தில் காய்ச்சுமையோடு நிற்கும் பந்தலும் ஆடத் தொடங்கும். மேற்குப் பக்கக் கால்களுக்குக் கூடுதலாக ஒரு முட்டுக் கொடுத்து, மூங்கில் சேரும் இடங்களில் தென்னங்கயிற்றைப் புதிதாகச் சுற்றிக் கட்ட வேண்டும். பெரிய சுரைக்காய்களைக் காற்று எடுக்கும் முன்பே பறித்துவிடுவது நல்லது.